தொகுதிக்கு எண் போதாது, பெயர் வையுங்கள்: அதை எப்படிச் செய்வது?

நான்சி பெலோசி 1987இல் முதன்முதலாக அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்வானபோது அவருடைய தொகுதி கலிபோர்னியா 5. 1993இல் அது 8 ஆனது, 2013இல் 12, 2023இல் 11. இத்தனைக்கும் அவர் ஊர் மாறவில்லை, கட்சி மாறவில்லை, அவரைத் தேர்ந்தெடுத்தவர்களும் பெரும்பாலும் அதே சான் பிரான்சிஸ்கோ நகரத்து மக்கள்தான். எல்லை திருத்தும்போதெல்லாம் எண்கள் இடம் மாறின, அவ்வளவுதான். "சான் பிரான்சிஸ்கோ" என்று முதலிலேயே ஒரு பெயர் வைத்திருந்தால் இத்தனை வருடத்துக்கும் அது ஒன்றே போதுமாக இருந்திருக்கும்.

உங்கள் பகுதியிலும் வார்டு 14, தொகுதி 7 என்று எண்ணை மட்டும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தால், அல்லது எல்லை மறுவரையறை நடந்துகொண்டிருந்து ஆணையத்துக்குக் கருத்து அனுப்ப உங்களுக்கு வாய்ப்பு இருந்தால், இது உங்களுக்காக. பெயர் வைப்பதில் என்ன பெரிய வேலை, ஊர்ப் பெயரை எடுத்து ஒட்டினால் முடிந்தது என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். உட்கார்ந்து பத்துத் தொகுதிக்குப் பெயர் வைத்துப் பாருங்கள், நான்காவதிலேயே சண்டை வந்துவிடும்.

முதல் வேலை, எண்ணோடு சண்டை போடாமல் இருப்பது. எண்ணை ஒழிக்க வேண்டும் என்று ஆரம்பித்தால் தேர்தல் அலுவலகத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் எதிரே வந்து நிற்பார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. வாக்காளர் பட்டியல், வாக்குப்பெட்டி, முடிவுகளைச் சேர்க்கும் கணினி எல்லாவற்றுக்கும் எழுத்துப்பிழை வராத, சுருக்கமான ஒரு அடையாளம் வேண்டும். அதற்கு எண்ணை விட நல்லது எதுவும் இல்லை. பெயர் வைத்திருக்கும் நாடுகளும் எண்ணைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. ஜெர்மனியில் 1ஆம் எண் ஃப்ளென்ஸ்பர்க்–ஷ்லெஸ்விக்கில் தொடங்கி 299இல் ஹோம்பர்க்கில் முடிகிறது. மலேசியாவில் பி.1 பாடாங் பெசார், பி.222 லாவாஸ். கனடாவில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஐந்து இலக்கக் குறியீடு உண்டு, அதில் முதல் இரண்டு இலக்கம் மாகாணத்தைச் சொல்லும், 35 என்றால் ஒன்டாரியோ, 24 என்றால் கியூபெக். இந்தியாவிலும் பெயர், எண் இரண்டும் உண்டு. ஆனால் தொகுதியைப் பற்றிப் பேசும்போது யாரும் எண்ணைச் சொல்லிப் பேசுவதில்லை. நீங்கள் கேட்க வேண்டியதும் இதைத்தான்: எண் கோப்பில் இருக்கட்டும், வாக்குச்சீட்டிலும் செய்தியிலும் பலகையிலும் பெயர் முன்னால் வரட்டும்.

பாதிப் பெயர், பாதி எண் என்று ஒரு வழியும் இருக்கிறது. ஜப்பானில் டோக்கியோ 1, டோக்கியோ 2 என்று போகும். வங்கதேசத்தில் டாக்கா-1, டாக்கா-2. பிரான்சில் மாவட்டத்துக்குள் முதலாவது, இரண்டாவது என்று வரிசை. தென்கொரியாவில் ஒரு நகர்ப்பகுதி இரண்டு மூன்று தொகுதிகளாகப் பிரிந்தால் எண்ணுக்குப் பதில் கப், உல், பியோங் என்று பழைய வரிசைச் சொற்களைச் சேர்க்கிறார்கள். அதுவும் எண்தான், வேறு சட்டை போட்டிருக்கிறது. பாகிஸ்தானில் இன்னும் ஒரு படி மேலே போய், என்.ஏ.-119 லாகூர்-3 என்று ஒரே தொகுதிக்கு நாடு அளவில் ஒரு எண், நகர அளவில் ஒரு எண். இந்தப் பாதி வழியை நான் ஒரேயடியாக ஒதுக்கமாட்டேன், ஒரு பெருநகரத்துக்குள் இருபது தொகுதி வரும்போது அவசரத்துக்கு உதவும். ஆனால் லாகூர்-3 எந்த மூலையில் இருக்கிறது என்று லாகூரிலேயே இருப்பவர்கூட யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்றால், பெயர் வைத்த பலன் பாதிதான் கிடைத்திருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். எல்லை வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள், கூடவே அந்தப் பகுதியின் பழைய வரைபடம் ஒன்றும், ஆறு ஏரி மலை காட்டும் வரைபடம் ஒன்றும். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு தாள். அதில் உள்ளே இருக்கும் ஊர்கள், அவற்றில் தோராயமாக எத்தனை வாக்காளர்கள், ஓடும் ஆறு, மக்கள் பழக்கத்தில் அந்தப் பக்கத்தைக் குறிக்கும் பொதுப்பெயர், இதையெல்லாம் எழுதுங்கள். பழக்கத்தில் இருக்கும் பொதுப்பெயர் எந்த அரசு ஆவணத்திலும் இருக்காது, அதற்கு மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "உங்கள் ஏரியா பெயர் என்ன?" என்று கேட்டால் தெருப்பெயரைச் சொல்வார்கள். "நூறு மைல் தாண்டி ஒருவர் உங்களைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். அப்போது வரும் பதில்தான் தொகுதிப் பெயருக்கு ஏற்ற அளவில் இருக்கும். தபால்காரர், பேருந்து நடத்துநர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மாதிரி நாள் முழுக்க இடப்பெயரோடு புழங்குகிறவர்களிடம் கேட்டால் இன்னும் நல்லது.

தேர்ந்தெடுப்பதில் நான் பின்பற்றும் வரிசை இது. உள்ளே ஒரு பெரிய ஊர் இருந்து, பாதிக்கு மேல் வாக்காளர்கள் அங்கேயே இருந்தால் அந்த ஊரின் பெயர், அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். ஏறக்குறைய சமமான இரண்டு ஊர் என்றால் இரண்டும், வாக்காளர் அதிகம் உள்ளது முன்னால். ஒன்றோடொன்று போட்டி போடும் சின்னச் சின்ன ஊர்கள் ஏழெட்டு என்றால் எந்த ஊரையும் தொடாதீர்கள், எல்லோருக்கும் பொதுவான ஆற்றையோ பள்ளத்தாக்கையோ கடற்கரையையோ பிடியுங்கள். அதுவும் இல்லையென்றால் திசை. ஆட்களின் பெயர் கடைசி. இந்த வரிசையை எழுத்தில் வைத்து, பெயர் எதையும் முன்மொழிவதற்கு முன்பே எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பெயரைப் பார்த்த பிறகு விதி பேச ஆரம்பித்தால் ஒவ்வொருவரும் தங்கள் ஊர் வருகிற மாதிரி விதியை வளைப்பார்கள்.

இப்போது, இந்த வேலையில் நிஜமாகவே என்னை இழுத்துக்கொண்டு வந்த விஷயம். எல்லாத் தொகுதிக்கும் பெயர் வைத்துக்கொண்டே போகும்போது ஏதாவது ஒன்று அடம்பிடிக்கும். எந்த ஊரின் பெயரை வைத்தாலும் பொய்யாகத் தெரியும், பொது ஆறு இருக்காது, வடக்கு என்றால் பாதி தெற்கில் கிடக்கும். அங்கே நிறுத்துங்கள். பெரும்பாலும் உங்கள் சொல்வளத்தில் குறை இருக்காது, கோடு போட்டவர் கையில்தான் இருக்கும். வட கரோலினாவில் 1992இல் வரைந்த 12ஆவது தொகுதி சுமார் 160 மைல் நீளம், நெடுகிலும் பல இடங்களில் இன்டர்ஸ்டேட் 85 நெடுஞ்சாலை போகும் அகலம்தான். சார்லட் நகரத்தில் கொஞ்சம், கிரீன்ஸ்பரோவில் கொஞ்சம், டர்ஹமில் கொஞ்சம் என்று பிய்த்து எடுத்துக் கோத்தது. அது 1993இல் உச்ச நீதிமன்றம் வரை வழக்காகப் போனது. அதற்கு நேர்மையாக ஒரு பெயர் வைக்க வேண்டும் என்றால் "நெடுஞ்சாலை 85" என்றுதான் வைக்க வேண்டும். நெடுஞ்சாலையில் யாரும் குடியிருப்பதில்லை. "12ஆவது தொகுதி" என்று சொல்லும்போது இந்த அபத்தம் கண்ணில் படவே படாது, எண் எந்த வடிவத்துக்கும் பொருந்தும்.

கோடு ரொம்பக் கோணலாகப் போனால் மக்களே பெயர் வைத்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். இல்லினாய் மாநிலத்தின் 4ஆவது தொகுதியை "காதுமூடி" என்றார்கள், சிகாகோவின் இரண்டு பகுதிகளை ஒரு மெல்லிய இழை இணைத்ததால். பென்சில்வேனியாவின் பழைய 7ஆவது தொகுதி, கார்ட்டூனில் வரும் கூஃபி டொனால்ட் டக்கை உதைப்பது மாதிரி இருக்கிறது என்று பிரபலமாகி, 2018இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் மொத்த வரைபடத்தையும் ரத்து செய்தது. இந்தக் கேலிக்கு வயது இருநூறுக்கு மேல். 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி கையெழுத்திட்ட வரைபடத்தில் எசெக்ஸ் கவுன்டியில் (மாவட்டம் மாதிரி) ஒரு தொகுதி தெற்கே கடலோரம் தொடங்கி மேற்கு விளிம்பைச் சுற்றிக்கொண்டு வடக்கு முனை வரை வளைந்து போனது. பத்திரிகைக்காரர்கள் அதற்கு இறக்கையும் நகமும் வரைந்து, பல்லி மாதிரியான சாலமாண்டரையும் கெர்ரியையும் சேர்த்து "கெர்ரிமாண்டர்" என்றார்கள். லாபத்துக்காக எல்லையை வளைப்பதைக் குறிக்க அந்தச் சொல் இன்றைக்கும் நிற்கிறது.

ஆகவே, பெயர் வைக்கும் வேலையை எல்லை முடிவான பிறகு செய்யும் அலங்காரமாக விடாதீர்கள். வரைவு எல்லை வெளியாகும் நாளிலேயே பெயரும் சேர்ந்து வெளியாக வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு மூன்று சொல்லில் உண்மையாகப் பெயர் சொல்ல முடியாத தொகுதி ஒவ்வொன்றுக்கும், ஏன் அப்படி வரைய வேண்டி வந்தது என்று ஒரு பத்தி விளக்கம் எழுத வேண்டும் என்று விதி வையுங்கள். சில நேரம் நியாயமான காரணம் இருக்கும், மக்கள்தொகையைச் சமமாக்க எங்கோ ஒரு துண்டைச் சேர்க்க வேண்டியிருக்கும், சிதறி வாழும் ஒரு சமூகத்துக்குப் பிரதிநிதித்துவம் தரவேண்டியிருக்கும். இருந்தால் எழுதட்டும். காரணம் சொல்ல முடியாதவர்கள்தான் இந்த விதிக்குப் பயப்படுவார்கள்.

திசைக்கு வருகிறேன். வடக்கு, தெற்கு என்பது பார்க்க எளிது, ஆனால் எதற்கு வடக்கு என்ற கேள்வி எப்போதும் கூடவே வரும். நகரத்தை இரண்டாக வெட்டினால் கிழக்கு, மேற்கு என்பது சரியாக இருக்கும். பிரிட்டனில் வைட் தீவு முழுக்க ஒரே தொகுதியாக இருந்தது, 2024 தேர்தலில் இரண்டாக்கி வைட் தீவு கிழக்கு, வைட் தீவு மேற்கு என்று வைத்தார்கள். தீவுக்கு எல்லை கடல், குழப்பத்துக்கே வழி இல்லை. சிக்கல் எங்கே என்றால் நான்கு ஐந்து துண்டு வரும்போது. வடமத்தி, தென்மத்தி, வடமேற்கு என்று போனால் திசைகாட்டி வைத்துக்கொண்டு ஓட்டுப் போட வேண்டியிருக்கும். அயர்லாந்தில் கார்க் வடமத்தி என்றே ஒரு தொகுதி இருக்கிறது. அதே நாட்டில் டப்ளின் விரிகுடா வடக்கு என்பதும் இருக்கிறது, அதில் விரிகுடா என்ற ஒரு சொல்தான் மொத்த வேலையையும் செய்கிறது, கேட்டவுடனே கடலோரம் கண்ணில் வந்துவிடும். திசை சேர்க்க வேண்டியிருந்தால் இந்த மாதிரி மண்ணில் இருக்கும் ஒன்றோடு கட்டிவிடுங்கள். நியூசிலாந்தில் அங்குள்ள பழங்குடி மக்களான மாவோரிகளுக்கான தொகுதிகளில் டெ டாய் டோகெராவ், டெ டாய் டோங்கா என்று வடக்கையும் தெற்கையும் சொல்லும் பெயர்களே இருக்கின்றன. ஆனால் அவை அந்த மக்கள் தங்கள் மொழியில் தங்கள் கடற்கரையைச் சொல்லும் சொற்கள், ஆணையம் மேஜையில் உட்கார்ந்து ஒட்டிய திசை இல்லை.

அடுத்து நீளம். இது கனடாக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. வெஸ்ட் வான்கூவர்—சன்ஷைன் கோஸ்ட்—சீ டு ஸ்கை கன்ட்ரி. இது ஒரே தொகுதி. போபோர்—கோட் டு போப்ரே—இல் டோர்லியான்—ஷார்லவுவா என்று இன்னொன்று இருந்தது. ஒவ்வொரு ஊரும் "எங்கள் பெயர் எங்கே?" என்று கேட்டு, யாரையும் நோகடிக்க மனம் வராமல் சேர்த்துக்கொண்டே போனால் இப்படித்தான் முடியும். அவர்கள் ஒரு நல்ல பழக்கமும் வைத்திருக்கிறார்கள்: தனித்தனி இடங்களைச் சேர்க்க நீளமான கோடு, ஒரே இடப்பெயருக்குள் வரும் சொற்களைச் சேர்க்கச் சின்னக் கோடு. எது எங்கே முடிகிறது என்று பார்த்தவுடன் தெரியும். மாசசூசெட்ஸ் மாநில மேலவையில் பெர்க்‌ஷயர், ஹாம்ப்டன், ஃபிராங்க்ளின், ஹாம்ப்ஷயர் என்று நான்கு கவுன்டிகளையும் காற்புள்ளி போட்டு அடுக்கிய தொகுதி இருக்கிறது. அதை ஒரு வரிசையில் மற்ற தொகுதிகளோடு சேர்த்து எழுதினால் எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று குழம்பிவிடும், கணினியில் காற்புள்ளியை வைத்துத்தான் பிரிக்கிறார்கள் என்றால் கேட்கவே வேண்டாம். என் அளவுகோல், இரண்டு இடம், தவிர்க்கவே முடியாவிட்டால் மூன்று. வானொலியில் முடிவு வாசிக்கிறவர் ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். நிஜமாகவே சத்தம் போட்டு வாசித்துப் பாருங்கள், தாளில் சாதுவாக இருக்கும் பெயர் வாயில் போனதும் சுயரூபம் காட்டும். நீளமாக வைத்தால் மக்கள் தாங்களே வெட்டிவிடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். சென்னையில் டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர் என்ற சட்டமன்றத் தொகுதியை முழுப்பெயர் சொல்லி அழைத்து யாராவது கேட்டிருக்கிறீர்களா? ஆர்.கே. நகர்தான். எப்படியும் சுருங்கப் போகிறது என்றால் சுருங்கிய பிறகு என்ன ஆகும் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள், முதலெழுத்துகள் சேர்ந்து வேறு அர்த்தம் கொடுத்துவிடக் கூடாது.

ஆட்களின் பெயரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தக் கூட்டத்திலும் முதலில் எழும் ஆசை இதுதான். ஆஸ்திரேலியா இதைப் பெரிய அளவில் செய்கிறது, நாட்டுக்குப் பெரும்பணி செய்து மறைந்தவர்களின் பெயரை வைப்பது அவர்களுடைய எழுதப்பட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது, முன்னாள் பிரதமர்களுக்கு முன்னுரிமை. இறந்த பிறகுதான் என்பது நல்ல விதி, உயிரோடு இருப்பவர் நாளைக்கு என்ன செய்வார் என்று யாருக்குத் தெரியும். 2014இல் மறைந்த விட்லம் பெயரில் 2016 தேர்தலில் ஒரு தொகுதி, 2019இல் மறைந்த ஹாக் பெயரில் 2022 தேர்தலில் ஒரு தொகுதி. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விட்லம் எங்கே இருக்கிறது என்று வரைபடம் இல்லாமல் சொல்லுங்கள் பார்ப்போம். பெயர் வைத்தும், எண் மாதிரியே இடம் தெரியாமல் போய்விட்டது.

இறந்தவர்களுக்கும் கடந்தகாலம் உண்டு என்பது அடுத்த சிக்கல். மெல்போர்னில் ஜான் பேட்மன் பெயரில் இருந்த பேட்மன் தொகுதி, பழங்குடி மக்களைக் கொன்றதில் அவருக்கு இருந்த பங்கு பேசப்பட்டு, 2018இல் பழங்குடி உரிமைக்குப் போராடிய வில்லியம் கூப்பர் பெயருக்கு மாறியது. அதே ஆண்டு, அதே மாதிரியான காரணத்துக்காக மெக்மில்லன் என்பது மொனாஷ் ஆனது. பிறகு பார்த்தால் மொனாஷ் பல்கலைக்கழகமும் மொனாஷ் மாநகரமும் மெல்போர்னின் புறநகரில் இருக்க, மொனாஷ் தொகுதி அதற்கு வெளியே கிப்ஸ்லேண்டு பக்கம் இருக்கிறது. ஒரு குழப்பத்தைத் தீர்க்கப் போய் இன்னொன்று. அதே 2018 சுற்றில் கொரங்கமைட் என்ற பழைய பெயரை எடுத்துவிட்டு, நீச்சல் கற்றுக்கொடுத்த மே காக்ஸ் என்ற பெண்மணியின் பெயரை வைக்க முன்மொழிந்தார்கள். நல்ல நோக்கம்தான், ஆனால் ஆங்கிலத்தில் அந்தப் பெயரை உச்சரித்தால் கெட்ட வார்த்தை மாதிரிக் கேட்கும், எதிர்ப்பும் கிண்டலும் வந்து கடைசியில் கொரங்கமைட்டே நின்றது. நான் சத்தமாக வாசிக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

ஆள் பெயர் வைத்தே தீர வேண்டும் என்று முடிவானால், அந்தப் பகுதியோடு அவருக்கு உண்மையான தொடர்பு இருக்க வேண்டும், அதே பெயரில் பக்கத்தில் ஊரோ கல்லூரியோ இருக்கக் கூடாது, அவரைப் பற்றி வரலாற்று ஆய்வாளர் ஒருவர் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பை எல்லோரும் படித்த பிறகுதான் வாக்கெடுப்பு. இதுபோதும்.

ஒன்றுக்கு மேற்பட்ட மொழி புழங்கும் இடமாக இருந்தால், பெயரை மொழிபெயர்ப்பதா ஒலிபெயர்ப்பதா என்று முதலிலேயே முடிவெடுங்கள். ஊர்ப்பெயரை மொழிபெயர்க்கக் கூடாது, திசையை மொழிபெயர்க்கலாம், இது ஏறக்குறைய எங்கேயும் செல்லும். அப்புறம், சிறுபான்மை மொழியில் ஊருக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தால் அதையே ஒரே அதிகாரப்பூர்வப் பெயராக வைப்பதில் தப்பில்லை. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஆங்கில்சி தீவுக்கு வேல்ஷ் மொழியில் அனிஸ் மோன் என்பதுதான் தொகுதிப் பெயர், ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்கு 2005 முதல் கேலிக் மொழிப் பெயர். வாய்க்குப் பழக்கமில்லாதவர்கள் ஒரு தேர்தலில் தடுமாறுவார்கள், அடுத்ததில் பழகிவிடும்.

எல்லை மாறும்போது பெயரை என்ன செய்வது என்பதை இப்போதே எழுதி வைக்காவிட்டால் பத்து வருடம் கழித்து மறுபடி முதலிலிருந்து சண்டை. எண்ணின் பெரிய பலவீனம் இங்கேதான். பென்சில்வேனியாவில் கானர் லேம்ப் 2018 மார்ச் இடைத்தேர்தலில் 18ஆவது தொகுதியில் ஜெயித்தார், அதே வருடம் நவம்பரில் 17ஆவது தொகுதியில் நின்றார், இரண்டுமே பிட்ஸ்பர்க் பக்கத்துப் பகுதிகள். வாக்காளர் எந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்வது? பெயருக்கு ஆஸ்திரேலிய வழிகாட்டுதலில் ஒரு நல்ல சூத்திரம் இருக்கிறது: இரண்டு தொகுதிகளின் துண்டுகள் சேர்ந்து ஒன்று உருவானால், எந்தப் பழைய தொகுதியிலிருந்து அதிக வாக்காளர்கள் வந்தார்களோ அதன் பெயர் தொடரும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், கூடவே ஒரு நிபந்தனை மட்டும் நான் சேர்ப்பேன்: பெயரில் இருக்கும் இடம் தொகுதிக்கு வெளியே போய்விட்டால் பெயரும் போக வேண்டும். இது இல்லாததால் வந்த வினைதான் வெரிவா. பழங்குடி மொழியில் ஜார்ஜ் ஏரியின் பெயர் அது, தொகுதிக்கு அந்தப் பெயர் 1901லிருந்து இருக்கிறது. தொகுதி மெல்ல மெல்ல நகர்ந்து இன்று சிட்னியின் தென்மேற்குப் புறநகரில் நிற்கிறது, ஏரி எங்கோ கான்பெரா பக்கம். பழைய பெயர் என்று காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் டன்விச் என்ற துறைமுக ஊரின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோன பிறகும் 1832 வரை அந்தப் பெயரில் இரண்டு உறுப்பினர்கள் நாடாளுமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், அதை நினைத்தால் வெரிவா பரவாயில்லை.

யார் முடிவெடுப்பது? வெற்றி பெற்று உட்கார்ந்திருப்பவர் மட்டும் வேண்டாம். அவருக்குத் தன் சொந்த ஊர் பெயரில் வர வேண்டும், எதிராளியின் ஊர் வரக் கூடாது. கனடாவில் எல்லை ஆணையம் பெயர் வைத்த பிறகு எம்.பி.க்கள் மசோதா கொண்டுவந்து பெயரை மாற்றிக்கொள்ள முடியும், பெயர்கள் நீண்டுபோனதற்கு இதற்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. எல்லையைப் போடும் அதே ஆணையமே பெயரையும் முன்மொழியட்டும், கருத்துக் கேட்பு மட்டும் தனியாக நடக்கட்டும். எல்லையோடு சேர்த்துக் கேட்டால் எல்லாக் கடிதமும் எல்லை பற்றியே வரும், பெயர் கடைசிப் பக்கத்தில் அனாதையாகக் கிடக்கும். நீங்கள் கருத்து அனுப்புகிறவராக இருந்தால், "இந்தப் பெயர் பிடிக்கவில்லை" என்று மட்டும் எழுதாமல் மாற்றுப் பெயர் ஒன்று, அந்தப் பெயரை மக்கள் ஏற்கெனவே எங்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு மூன்று சான்று, இவ்வளவையும் ஒரே பக்கத்தில் கொடுங்கள். பேருந்துப் பலகை, உள்ளூர்ப் பத்திரிகை, ரயில் நிலையம், எதுவாகவும் இருக்கலாம்.

பெயர் முடிவானதும் குறைந்தது ஒரு தேர்தல் வரை "பழைய எண் 7" என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்தே எழுதுங்கள். பழைய எண்ணையும் புதுப் பெயரையும் காட்டும் பட்டியல் ஒன்றை எல்லா வாக்குச்சாவடியிலும் ஒட்டச் சொல்லுங்கள். பட்டியலை எண் வரிசையில் ஒன்று, அகர வரிசையில் ஒன்று என இரண்டாகப் போட வேண்டும். எண் தெரிந்தவர் ஒன்றில் தேடுவார், ஊர் தெரிந்தவர் இன்னொன்றில்.

ஆணையம் கேட்கவே இல்லை, சட்டத்தில் எண்தான் என்று கையை விரித்துவிட்டது என்றாலும் வேலை நின்றுவிடாது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலிய நாடாளுமன்றங்களில் உறுப்பினரைப் பேர் சொல்லாமல் "இன்ன தொகுதியின் உறுப்பினர்" என்றே அழைப்பார்கள், நாள் முழுக்க இடப்பெயர் சபையில் ஒலித்துக்கொண்டே இருக்கும். அமெரிக்க அவையில் "ஓஹையோவைச் சேர்ந்த உறுப்பினர்" என்று மாநிலத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள், தொகுதியின் எண் சபைப் பேச்சில் பெரும்பாலும் வருவதே இல்லை. அதனால் நீங்கள் சட்டத்தை மாற்றாமலே பேச்சை மாற்ற ஆரம்பிக்கலாம். மேலே சொன்ன விதத்தில் எல்லாத் தொகுதிக்கும் பெயர் தேர்ந்து ஒரு வரைபடம் போடுங்கள், அதை உள்ளூர்ச் செய்தியாளர்களுக்கும் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கும் கொடுங்கள், எண்ணுக்கு முன்னால் பெயரைப் போட்டு எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எல்லாப் பெயரும் ஒட்டவும் ஒட்டாது. இரண்டு தேர்தல் கழித்துத் திரும்பிப் பாருங்கள், எந்தெந்தப் பெயர் தலைப்புச் செய்தியில் எண் இல்லாமலே வருகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த மறுவரையறையின்போது ஆணையத்துக்குப் போங்கள்.